அறிவரசுவின் நாற்றிசைச் சோதனை

அடையாறில் அந்தத் தொழில்நுட்பப் பயிலகத்தைத் தொடங்கிய புண்ணியவான்கள் என்ன நினைத்துத் தொடங்கினார்களோ, எனக்குத் தெரியாது. நான் பார்த்தவரை அங்கே தட்டுப்பாடு இல்லாமல் உற்பத்தியான பொருள் ஒன்றே ஒன்றுதான்: கமிட்டி. குடிநீர்ப் பானைக்கு ஒரு கமிட்டி. பானையின் மேல் கவிழ்க்கும் தம்ளருக்கு ஒரு துணைக் கமிட்டி. தம்ளரைச் சங்கிலி போட்டுக் கட்டுவதா வேண்டாமா என்று ஆராயத் தனியாக ஒன்று. அது ஆராய்ந்து முடித்துச் சங்கிலி வந்து சேர்ந்தபோது தம்ளர் காணாமல் போயிருந்தது. அதற்கும் ஒரு கமிட்டி போட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

1973இல் பயிலகத்துக்கு வெள்ளி விழா வந்தது. தலைமை விருந்தினர், அறிவியல் ஊக்குவிப்பு வாரியத்தின் தலைவர் கோதண்டபாணி. வாரியத்தின் அலுவலகம் தியாகராய நகரில் இருந்தது. பயிலகத்தின் அங்கீகாரமும் மானியமும் அவருடைய பேனா முனையில் இருந்தன. அவர் ஏதோ ஒரு கூட்டத்தில், "ஜப்பானில் இயந்திர மனிதனே விருந்தாளிக்கு மாலை போடுகிறானாம். நம்மூரில் மனிதனுக்கே நேராகப் போட வரவில்லை" என்று வேடிக்கையாகச் சொல்லிவைத்தார். அது பயிலகத்தின் முதல்வர் நல்லசிவத்தின் காதில் விழுந்து தொலைத்தது.

மறுநாள் காலையிலேயே முதல்வர் மரியதாஸைக் கூப்பிட்டனுப்பினார். மரியதாஸ் எலெக்ட்ரிகல் பிரிவில் தற்காலிக விரிவுரையாளன். சாந்தோம்காரன், ஒல்லி. யார் கூப்பிட்டாலும் முதலில் "சாரி சார்" என்று சொல்லிவிட்டு, எதற்குக் கூப்பிட்டார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொள்வான். இன்னொரு பழக்கமும் அவனுக்கு உண்டு. எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் கை தானாக எழுந்து நெற்றியையும் நெஞ்சையும் இரண்டு தோள்களையும் தொட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்ளும். பஸ் ஏறும்போது, வகுப்பில் நுழையும்போது, ஃபியூஸ் மாற்றும்போது. அவனுக்கே தெரியாமல் நடக்கும் காரியம் அது.

"மிஸ்டர் மரியதாஸ், நமக்கு ஒரு இயந்திர மனிதன் தேவைப்படுகிறான்" என்றார் முதல்வர்.

"எதுக்கு சார்?"

"மாலை போட."

"மாலைதானே சார், நம்ம ஆபீஸ் பியூனே..."

"பியூன் போட்டால் அது மாலை. இயந்திரம் போட்டால் அது விஞ்ஞானம்." முதல்வர் மேஜைமேல் கிடந்த ஒரு ஃபைலைத் தட்டினார். "உங்களை நிரந்தரமாக்கும் ஃபைல். இங்கேதான் படுத்துத் தூங்குகிறது. விழா நல்லபடியாக நடந்தால் எழுப்பிவிடலாம்."

அந்த ஃபைல் எழுந்தால்தான் மரியதாஸுக்குக் கல்யாணம். பெண் அதே சாந்தோமில் கான்வென்ட் டீச்சராக இருந்த ஃப்ளோரா. இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது, இரண்டு வீட்டாருக்கும் சம்மதம். ஆனால் அதற்குமுன் கோயிலில் மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று ஓலை வாசிக்க வேண்டும். ஃப்ளோராவின் அப்பா வால்டர் மாஸ்டர், "டெம்பரவரி மாப்பிள்ளைக்கு ஓலை வாசிங்கன்னு சாமியார்கிட்ட போய்ச் சொல்ல எனக்கு வாய் வரல. பர்மனென்ட் ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்த மாஸ்டரின் வாய், நல்லசிவத்தின் ஃபைலில் மாட்டிக்கொண்டிருந்தது.

இயந்திர மனிதனை உண்மையில் செய்தவள் ஜெயபாரதி. கடைசி வருஷ மாணவி, சைதாப்பேட்டையிலிருந்து வருபவள். அந்த வகுப்பில் ஒரே பெண் என்பதால், அவள் சந்தேகம் கேட்டால் பையன்கள் சிரிப்பார்கள். பதில் சொன்னால் எழுதிக்கொள்வார்கள். எண்ணெய் டின்களை வெட்டி உடம்பு செய்தாள். சைக்கிள் விளக்குகள் இரண்டு கண்களாயின. வாய் இருக்கவேண்டிய இடத்தில் கம்பி வலை வைத்தாள். தகரக் குழாய்க் கைகளைத் தூக்கி இறக்க ஒரு ஸ்பிரிங் மாட்டினாள். கழுத்திலிருந்து தரைவரை தகரப் பாவாடை, அதற்குள்ளே வாரியம் அன்பளிப்பாகத் தந்த இரண்டு மோட்டார்கள், மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு சக்கரங்கள். தமிழாசிரியர் அதற்கு அறிவரசு என்று பெயர் வைத்தார். பெயர் வைப்பதற்கும் கமிட்டி உட்கார்ந்ததால், பெயர் வருமுன்பே உடம்பு வந்துவிட்டது.

முதல் ஓட்டத்தில் சுவிட்சைப் போட்டதும் மோட்டார் இரண்டும் ஓடின. அறிவரசு அசையவில்லை.

மரியதாஸ் குனிந்து பார்த்தான். சக்கரங்கள் சும்மா இருக்க, அவற்றுக்குள்ளே மோட்டாரின் தண்டு மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"தண்டு வழவழன்னு உருண்டையா இருக்கு சார்" என்றாள் ஜெயபாரதி. "சக்கரத்தோட குடத்துல திருகாணி வச்சு இறுக்கியிருக்கேன். உருண்டை மேல திருகாணி எப்படிப் பிடிக்கும்? தண்டுல ஒரு பக்கத்தை மட்டும் அரத்தால ராவித் தட்டையாக்கிட்டா, திருகாணி அந்தத் தட்டைல கெட்டியா உட்கார்ந்துக்கும். சைக்கிள் பெடலுக்கு காட்டர் பின் அடிக்கிறாங்களே, அதே சங்கதிதான். கொஞ்ச நேரத்து வேலை சார்."

கொஞ்ச நேரத்து வேலைதான். மரியதாஸுக்கும் அது தெரியும். ஆனால் பயிலகத்தில் அரம் ஸ்டோர்ஸில் இருந்தது. ஸ்டோர்ஸில் கபாலி இருந்தார்.

"இன்னா சார் சொல்றே? தண்ட ராவணுமா?" கபாலி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இந்த மோட்டாரு நம்ம கைக்கு வர்றச்சே எப்படி வந்துச்சு? ரவுண்டா வந்துச்சு. ரவுண்டா வந்தது ரவுண்டாத்தான் போவணும். ஆடிட்டு வந்து தடவிப் பாப்பான். ஒரு சைடு தட்டையா கீதுன்னா, இது அந்த மோட்டாரே இல்லன்னுடுவான். அப்பால அந்த மோட்டாரு எங்கன்னு என் கழுத்த புடிப்பான்."

"புதுப்பேட்டைல பழைய மோட்டார் ஏதாவது வாங்கிக்கிறோம் கபாலி."

"வெளி மோட்டாரு உள்ள வந்தா அது யாரு மோட்டாருன்னு கேப்பான். நைனா, நீ படிச்சவன். ஒரு பொருள உபயோகப்படுத்துறது வேற, அத்த கெடுக்காம வச்சிருக்கிறது வேற. நம்ம டூட்டி ரெண்டாவது."

விஷயம் முதல்வரிடம் போயிற்று. முதல்வர் உடனே செயலில் இறங்கினார்; அதாவது, சக்கர-தண்டு நல்லிணக்கக் குழு என்று ஒன்றை அமைத்தார். அதில் தமிழாசிரியர், டிரில் மாஸ்டர், கணக்குப் பிரிவு சூப்பரிண்டெண்டெண்ட் ஆகியோர் உறுப்பினர்கள். மோட்டார் தெரிந்தவர்கள் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும் என்பதால் அவர்களைச் சேர்க்கவில்லை. மரியதாஸும் ஜெயபாரதியும் சுவரோரம் நின்றார்கள். கமிட்டியின் சைக்கிள்கள் நான்கும் ஜன்னலுக்கு வெளியே, காட்டர் பின்களோடு சாய்ந்து நின்றன.

முதல்வர் எழுந்து பேசினார். "தண்டும் சக்கரமும் ஒத்துப்போகவில்லை என்கிறார்கள். நான் கேட்கிறேன், யாருக்கு யார் ஒத்துப்போக வேண்டும்? தண்டு, வாரியம் கொடுத்தது. சக்கரம், மாணவர்கள் செய்தது. வாரியம் கொடுத்ததை ராவுவது வாரியத்தையே ராவுவது போல. நான் இந்த நாற்காலிக்கு வந்த நாள் முதலாக எதையும் ராவியதில்லை. எதையும் துளைத்ததில்லை. எதையும் திருகியதும் இல்லை. அதனால்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்."

கைதட்டினார்கள். பிறகு யோசனைகள் வந்தன. டிரில் மாஸ்டர், தண்டுக்குக் கட்டுப்பாடு போதாது, அதை இன்னும் மெதுவாகச் சுற்றச் சொல்ல வேண்டும் என்றார். தமிழாசிரியர், சக்கரம் என்பது வடசொல், ஆழி என்று அழைத்தால் பாதிச் சிக்கல் தீரும் என்றார். கடைசியில் சூப்பரிண்டெண்டெண்ட் சொன்னதுதான் ஏற்கப்பட்டது. ரகசியத் தபாலை மூடும் அலுவலக அரக்கை உருக்கி, தண்டும் சக்கரமும் சேரும் இடத்தில் ஊற்றி, அதன்மேல் பயிலகத்தின் முத்திரையைப் பதித்துவிடுவது. முத்திரை பதித்ததைக் கழற்றுவது குற்றம். சட்டத்துக்குப் பயப்படாத சக்கரம் உண்டா?

"மிஸ்டர் மரியதாஸ், தொழில்நுட்ப ரீதியாக உங்கள் கருத்து?"

அரக்கு சுண்டினால் உடையும் என்று மரியதாஸுக்குத் தெரியும். சொல்வதற்கு வாயையும் திறந்தான். மேஜைமேல் ஃபைல் படுத்திருந்தது.

"நல்ல யோசனை சார்" என்றான்.

ஜெயபாரதி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தன்னுடைய செருப்பைப் பார்த்துக்கொண்டான். அவமானம் என்பது இப்படித்தான், ஆரம்பத்தில் சின்னதாக, செருப்பளவில் இருக்கிறது.

ஒத்திகை நாளன்று முதல்வர் வடபழனி கோயிலில் அர்ச்சனை செய்த எலுமிச்சம்பழங்களோடு வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கித்தானே கிளப்ப வேண்டும்? அறிவரசுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பழங்களை வைத்து, கையில் மாலையைக் கொடுத்து, சுவிட்சைப் போட்டார்கள். வலது சக்கரம் எப்படியோ தன் பழத்தை நசுக்கிவிட்டது. இடது சக்கரம் பழத்தில் முட்டி நின்றது. தண்டு நிற்கவில்லை. அரக்கு படீரென்று உடைந்து, முத்திரை பதித்த துண்டு ஒன்று டிரில் மாஸ்டரின் காலடியில் விழுந்தது. ஒரு சக்கரம் ஓட, ஒரு சக்கரம் நிற்க, அறிவரசு மெல்ல இடப்பக்கமாகத் திரும்பி, முதல்வருக்கு முதுகைக் காட்டி, மாலையைக் குடிநீர்ப் பானைக்குப் போட்டது.

முதல்வருக்கு முதுகு காட்டப்பட்டது ஏன் என்று விளக்கம் கேட்டு அன்று சாயங்காலமே மரியதாஸுக்கு மெமோ வந்தது.

"சார், பழத்தை எடுத்துட்டாலாவது..." என்று முதல்வரிடம் ஆரம்பித்தாள் ஜெயபாரதி.

"பழம் இல்லாமல் புது வண்டியா?" முதல்வர் காதைப் பொத்திக்கொண்டார். "விஞ்ஞானத்துக்காகச் சம்பிரதாயத்தை விட முடியாது. சம்பிரதாயத்துக்காக விஞ்ஞானத்தையும் விட முடியாது. ஆகவே, மிஸ்டர் மரியதாஸ், விழா அன்று நீங்கள் இயந்திரத்தை உட்புற மேற்பார்வை செய்ய வேண்டும்."

"உட்புறம்னா சார்?"

"நீங்கள் பொறுப்பாசிரியர். மேற்பார்வை உங்கள் கடமை. வெளியே நின்று பார்த்தீர்கள், பலன் இல்லை. உள்ளே நின்று பாருங்கள். ஒல்லியாகத்தானே இருக்கிறீர்கள்?"

மரியதாஸ் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்துகொண்டான். புரிந்த பிறகு மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. ஓலை, மாஸ்டர், ஃபைல் என்று மூன்றையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினான். அந்த ஆட்டலை நினைத்து அவன் பின்னால் எத்தனையோ தடவை பல்லைக் கடித்துக்கொண்டான்.

மோட்டார்களை வெளியே எடுத்தால்தான் அவனுடைய கால்கள் உள்ளே போகும். ஜெயபாரதிதான் கழற்றினாள். ஒவ்வொரு மரையாகக் கழற்றி, மோட்டார் இரண்டையும் சக்கரங்களோடு எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப நாங்க செஞ்சது இன்னா சார்? டின்னா?" என்றாள்.

"விழா முடியட்டும்மா" என்றான்.

விழா நாளன்று பந்தல் நிரம்பியிருந்தது. மரியதாஸ் பின்கதவு வழியாக டின்னுக்குள் நுழைந்ததும், கபாலி கதவைச் சாத்திப் பூட்டி, பூட்டின்மேல் அரக்கு வைத்து முத்திரையும் குத்தினார்.

"கபாலி, எதுக்கு சீலு?" என்று உள்ளிருந்து கேட்டான்.

"ஸ்டோர்ஸ் பொருள் மேடைக்குப் போவுது இல்ல? சீலு இல்லாம எப்படி அனுப்புறது? நீ பேசாத சார், மிஷின் பேசப்படாது."

உள்ளே தகரம் அடுப்பாய்க் கொதித்தது. மரியதாஸ் கம்பி வலை வழியாகப் பார்த்தான். முன்வரிசையில் வால்டர் மாஸ்டர் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஃப்ளோரா, நீலப் புடவையில். அறிவரசு சொந்தக் காலில் ஓடும் என்று நம்பிக்கொண்டிருந்த நாட்களில் அவனே கொண்டுபோய்க் கொடுத்த அழைப்பிதழ். அதற்குப் பிறகு வரவேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

எலுமிச்சம்பழங்களை வைத்தார்கள். நாதஸ்வரம் நின்றது. அறிவரசு புறப்பட வேண்டிய தருணம் வந்தது.

அறிவரசு வலது கையை உயர்த்தி நெற்றியைத் தொட்டது. நெஞ்சைத் தொட்டது. இடது தோள், வலது தோள்.

டின்னுக்குள் மரியதாஸுக்கு உயிர் போய் உயிர் வந்தது. கை தானாகச் செய்துவிட்ட வேலை.

முதல்வர் நல்லசிவம் சும்மா முதல்வர் ஆகவில்லை. ஒலிபெருக்கியைப் பிடித்தார். "பெரியோர்களே, நீங்கள் இப்போது கண்டது நாற்றிசைச் சோதனை! மேல், கீழ், இடம், வலம் ஆகிய நான்கு திசைகளையும் சரிபார்த்த பிறகே அறிவரசு அடி எடுத்து வைப்பான். ஜப்பானிலும் இந்த வசதி இல்லை!"

கைதட்டல் பந்தலைப் பிய்த்தது. கைதட்டாதவள் ஒருத்தி இருந்தாள். ஃப்ளோரா மெல்லத் தலையைக் குனிந்துகொண்டதை மரியதாஸ் வலை வழியாகப் பார்த்தான்.

பிறகு அவன் இரண்டு பழங்களையும் காலால் நசுக்கினான், தேய்த்துத் தேய்த்து நடந்தான், மாலையைப் போட்டான். கோதண்டபாணி பூரித்துப்போய் மைக்குக்கு வந்தார்.

"நான் எத்தனையோ நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு ஊழியரைப் பார்த்ததில்லை. போ என்றால் போகிறான். நில் என்றால் நிற்கிறான். ஏன் என்று கேட்பதில்லை. சம்பள உயர்வு கேட்பதில்லை. தப்பான உத்தரவு போட்டாலும் முகம் மாறுவதில்லை. இந்த வாரியத்தில் நான் இத்தனை காலமாக உருவாக்க முயன்றதும் இப்படிப்பட்ட மனிதனைத்தான். கடைசியில் அதைத் தகரத்தில்தான் செய்ய முடிந்திருக்கிறது!"

தகரத்துக்குள் இருந்தவன் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

செய்த மாணவியை மேடைக்கு அழைத்தார்கள். கோதண்டபாணி பரிவோடு கேட்டார். "சொல்லும்மா, சக்கரத்தை மோட்டார் தண்டில் எப்படிப் பொருத்தினாய்? அதுதானே கஷ்டமான வேலை?"

ஜெயபாரதி கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு அறிவரசுவின் கம்பி வலையை நேராகப் பார்த்தாள். உண்மை வெளியே வர அவன் ஒரு சொல் சொன்னால் போதும். உள்ளேயிருந்து தட்டினால்கூடப் போதும். அவன் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தெரியாது சார். எங்க சாரைத்தான் கேக்கணும்" என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. மாணவிக்குக் கூச்சம் என்று கூட்டம் சிரித்தது.

"எங்கே அந்த ஆசிரியர்?"

"பின்னணியில் வேலையாக இருக்கிறார்" என்றார் முதல்வர். "விளம்பரம் பிடிக்காதவர்."

விழா கலைந்த பிறகு கபாலி சீலை உடைத்து அவனை வெளியே விட்டார். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. வாசலில், பஸ் நிறுத்தத்தில், ஃப்ளோரா தனியாக நின்றிருந்தாள். மாஸ்டர் டீ குடிக்கப் போயிருந்தார்.

"அப்பாவுக்கு ரொம்பப் பிடிச்சிருச்சு" என்றாள். "நாற்றிசைச் சோதனையைப் பத்தியே பேசிட்டிருக்காரு. நானும் தலையாட்டிட்டேன்."

"ஃப்ளோரா..."

"வேர்த்திருக்கு பாருங்க. தொடைச்சுக்குங்க." கைக்குட்டையைக் கொடுத்தாள். "அந்தப் பொண்ணு மேடையில அழுதுடுவான்னு பயந்துட்டேன்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் அவனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஃபைல் எழுந்துவிட்டது. மரியதாஸ் நிரந்தரம் என்று உத்தரவு வந்தது. அதோடு இன்னொரு உத்தரவும் வந்தது. டெல்லியிலிருந்து வந்திருக்கும் விருந்தினர்களுக்கு அறிவரசுவை வாரிய அலுவலகத்தில் காட்ட வேண்டும். "முன்போலவே உட்புற மேற்பார்வை" என்று முதல்வர் ஓரத்தில் எழுதியிருந்தார்.

மரியதாஸ் இரண்டு உத்தரவுகளையும் மடித்துப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனான். ஜெயபாரதி மேஜையருகே உட்கார்ந்திருந்தாள். மோட்டார்கள் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன.

"உன்கிட்ட அரம் இருக்காம்மா?"

அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சைதாப்பேட்டையில் மாமா வீட்டிலிருந்து என்றைக்கோ கொண்டுவந்தது. மோட்டாரை அவள் பிடித்துக்கொள்ள, அவன் ராவினான். சிலுவை போடக்கூட மறந்துபோயிருந்தான். பளபளவென்று ஒரு தட்டை விழுந்தது. சக்கரத்தை மாட்டி, திருகாணியை அந்தத் தட்டையின்மேல் வைத்து இறுக்கினார்கள். அடுத்த மோட்டார். கொஞ்ச நேரத்து வேலை. இரண்டையும் தகரத்துக்குள் மறுபடி பொருத்தி, ஒரு பழத்தை வைத்துச் சுவிட்சைப் போட்டார்கள். அறிவரசு பழத்தை நசுக்கிக்கொண்டு, ஆள் இல்லாமல், பட்டறையின் அந்தக் கோடிவரை நேராகப் போயிற்று. ஜெயபாரதி கைதட்டிச் சிரித்தாள். மரியதாஸுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, இதை முன்னமே செய்யாத வெட்கம் பாதி.

வாரிய அலுவலகத்துக் கூடத்தில் முதல்வர் டெல்லிக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். சுவரோரம் மரியதாஸ் நிற்பதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் வந்து காதைக் கடித்தார்.

"யோவ், நீர் இங்கே நின்றால் உள்ளே யார்?"

"யாரும் இல்ல சார்."

"யாரும் இல்லாமல் அது எப்படிய்யா நகரும்?"

நகர்ந்தது. இரண்டு பழங்களையும் சேர்த்து நசுக்கியது. கோணாமல் போயிற்று, நின்றது, கையைத் தூக்கி மாலையைப் போட்டது. மரியதாஸ் கூட்டத்தைப் பெருமையாகப் பார்த்தான். கோதண்டபாணியின் நெற்றி சுருங்கியிருந்தது.

"நாற்றிசைச் சோதனை எங்கே?"

முதல்வர் மரியதாஸைப் பார்த்தார்.

"அன்று நான் பார்த்தது இதுவல்ல. அவன் புறப்படுமுன் நான்கு திசையும் பார்த்தான். பயந்து பயந்து நடந்தான். ஒரு மரியாதை இருந்தது. இது ஏதோ வண்டி போல உருண்டு வருகிறதே! அசலை யாரோ எடுத்துக்கொண்டு போலியை வைத்துவிட்டார்கள்." அவர் முதல்வரிடம் திரும்பினார். "விசாரணை தேவை."

விசாரணைக் கமிட்டி அடையாறில் கூடியது. கோதண்டபாணியே தலைமை. மரியதாஸ் எழுந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னான். அன்று டின்னுக்குள் இருந்தது தான்தான் என்றான். சக்கரம் அன்று ஓடவே இல்லை, இப்போது வைத்திருப்பதுதான் அசல் என்றான்.

"உள்ளே ஆளா?" முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். "நம் நிறுவனத்திலா? கபாலி, அன்று கதவில் சீல் சரியாக இருந்ததா?"

"நானே வச்சேன் சார். ஒரு கீறல் இல்ல."

"உள்ளே யாராவது இருந்தார்களா?"

"உள்ள இன்னா கீதுன்னு பாக்கறது என் வேல இல்ல சார். சீலு நல்லா கீதான்னு பாக்கறதுதான் என் வேல."

"சீல் உடையாமல் ஒரு மனிதன் எப்படி உள்ளே போக முடியும்?" என்றார் சூப்பரிண்டெண்டெண்ட். கமிட்டி அதைச் சிந்தித்து, முடியாது என்று கண்டது.

கோதண்டபாணி கையை உயர்த்தினார். "நியாயமாக நடப்போம். அவரே என்றால் அவர் அந்தச் சோதனையைச் செய்து காட்டட்டும்."

மரியதாஸ் தயங்கினான். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கையைத் தூக்கி நெற்றியைத் தொட்டான். நெஞ்சு, இடது தோள், வலது தோள். அம்மா மடியில் கற்றுக்கொண்டதை, வாழ்க்கையில் முதல் தடவையாக, உத்தரவின் பேரில் செய்தான். உடம்பெல்லாம் கூசியது.

கோதண்டபாணி தலையை ஆட்டினார். "கிட்டத்தட்ட வருகிறது. ஆனால் அறிவரசு செய்தபோது அதில் ஒரு உயிர் இருந்தது. நீங்கள் செய்வது இயந்திரம்போல் இருக்கிறது."

அடுத்து மோட்டார்களைக் கொண்டுவந்தார்கள். கபாலி கண்ணை மூடிக்கொண்டு தண்டைத் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"தட்டை கீது சார்."

"யார் ராவியது?"

ஜெயபாரதி எழுந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் மரியதாஸ் முந்திக்கொண்டான். "நான்தான் சார். அந்தப் பொண்ணுக்கு இதுல சம்பந்தம் இல்ல."

இந்த ஒன்றைக் கமிட்டி உடனே நம்பியது. அசலைத் திருடினான் என்ற செய்யாத மோசடிக்கு ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். உள்ளே நின்று செய்த மோசடி நடக்கவே இல்லை என்று முடிவாயிற்று. வாரியத்தின் சொத்தான தண்டைச் சேதப்படுத்திய குற்றத்துக்காக மரியதாஸின் வேலை போயிற்று. அறிவரசுவின் கழுத்தில் 'போலி' என்று சீட்டுக் கட்டி ஸ்டோர்ஸில் போட்டார்கள். அசலைத் தேட ஒரு கமிட்டி அமைக்கப்பட்டது. எனக்குத் தெரிந்து அது இன்னும் கலைக்கப்படவில்லை.

அன்று சாயங்காலம் அடையாறிலிருந்து சாந்தோம் போகும் பஸ்ஸில் ஃப்ளோராவும் இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு, விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்கப் பயிலக வாசலுக்கே வந்துவிட்டாள். மரியதாஸ் அவளுக்குப் பக்கத்து சீட்டில் தள்ளி உட்கார்ந்து, கீழே பார்த்தபடி முழுவதையும் சொன்னான்.

"வேலை போனதுகூடப் பரவாயில்ல" என்றான். "அவங்க சொன்னாங்கன்னு சிலுவை போட்டேன் பாரு. அதுதான் என்னமோ பண்ணுது."

ஃப்ளோரா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு பேரச் சொல்லாம விட்டீங்கள்ல" என்றாள்.

"ஆமா."

"அப்பாகிட்ட நான் பேசுறேன். ஓலை வாசிக்கட்டும். டின்னுக்குள்ள இருந்த ஆளுக்கு நான் வாசிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்."

பஸ் திரும்பியது. சாந்தோம் கோயிலின் கோபுரம் தெரிந்தது. முன்சீட்டில் ஒரு அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். ஃப்ளோராவும் போட்டுக்கொண்டாள். அந்த இடத்தில் தானாக எழும் மரியதாஸின் கை, மடியிலேயே கிடந்தது.

"போடுங்க" என்றாள் ஃப்ளோரா மெதுவாக. "யாரும் பாக்கல."

மரியதாஸ் முன்னால் பார்த்தான். திரும்பிப் பின்னால் பார்த்தான். இடப்பக்கம் பார்த்தான், வலப்பக்கம் பார்த்தான். அதற்குப் பிறகுதான் கையை நெற்றிக்குக் கொண்டுபோனான்.